சகலையின் துப்பாக்கிக்கு உள்ள நன்மைகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கதைகள் துக்கத்தில் பிறக்கின்றன என்று மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் மனைவி லோகப்பிரியா, ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் அப்பாவின் தோட்டத்துச் சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம்) போனில் பேசினாள். அந்தப் பேச்சில் வந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

"சுரேந்தர் இங்கதான் இருக்கறாருங்க, துப்பாக்கியும் வெச்சிருக்கறாரு. ஒன்னும் பயமில்லைங்க. நீங்க மெதுவா வாங்க."

மரியாதையில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம். கோயமுத்தூரில் எங்கள் பீளமேட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்யாணமான நாள் முதல், நான் இருப்பதால் பயமில்லை என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. (பயப்படும்படி எதுவும் நடந்ததில்லை என்பதும் உண்மை. அதனால்தான் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.) "மெதுவா வாங்க" என்பதில் இருந்த அக்கறை வேறு என்னைக் கொன்றது.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

தென்னந்தோப்பில் இருள் இறங்கியபோது கோழையான அந்த மனிதன் தன் துப்பாக்கியை—

கோழை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் வாசகருக்கு என்ன வேலை? அடித்தேன். இரண்டாவது:

துப்பாக்கி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர்—

இது கட்டுரை. நான் ஒரு பம்ப் கம்பெனியில் பயனர் கையேடு எழுதுகிறவன். "மோட்டாரை உலர்ந்த நிலையில் இயக்காதீர்கள்" என்று தமிழ்நாடு முழுக்க வாசிக்கிறார்களே, அது என் வாக்கியம்தான். அந்தக் குரல் கதைக்குள்ளும் வந்துவிடுகிறது. இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் போட்டிருக்கிறேன். மாமனார் வீட்டில் இரண்டையும் டிவி ஸ்டாண்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பிரிக்காமல்.

2

சுரேந்தர் என் சகலை. லோகப்பிரியாவின் தங்கை அக்ஷயாவைக் கட்டியவர். அமெரிக்காவில், டெக்சாஸில், வெகுகாலம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு கோயமுத்தூருக்கே திரும்பி வந்துவிட்டார். வரும்போது எல்லோரும் டிவி கொண்டுவருவார்கள், மிக்ஸி கொண்டுவருவார்கள். இவர் ஒரு ரிவால்வர் கொண்டுவந்தார்.

(அப்படிக் கொண்டுவர அனுமதி கிடைக்குமா என்று வாசகர்களில் இருக்கும் வக்கீல்கள் கேட்பார்கள். எல்லாக் காகிதமும் சரியாக இருப்பதாகச் சுரேந்தர் சொல்கிறார். கதைக்கு அது போதும்.)

இந்தப் பாத்திரத்தோடு எனக்கு ஒரு சிக்கல். இவரிடம் குறையே இல்லை. குறையில்லாத மனிதரை வாசகர் நம்பமாட்டார், எனவே தேடினேன். குடி இல்லை. கோபம் இல்லை. விருந்து முடிந்ததும் எச்சில் இலையைத் தானே எடுப்பார். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, "வாங்க சகலை, புதுசா என்ன எழுதறீங்க?" என்பார். பதிலை உண்மையாகவே எதிர்பார்த்து நிற்பார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் யாராவது வந்து அவரிடம் டெக்சாஸைப் பற்றிக் கேட்பார்கள். அவர் சொல்லுவார். எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்பேன், ஏனென்றால் நன்றாகச் சொல்லுவார்.

எழுதுகிறவன் நான். கதைசொல்லி அவர். இதுதான் விஷயம். துப்பாக்கி அப்புறம் வந்தது.

3

அதை முதன்முதலில் பார்த்தது மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுச் சாளைக்குத் திரும்பிய ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து சொந்தக்கார ஒறம்பரையெல்லாம் கிளம்பிய பிறகு, மாமனார் சுப்பண்ணன்தான் கேட்டார்.

"மாப்ளே, அதையக் கொஞ்சம் காட்டுங்க."

சுரேந்தர் உள்ளே போய் எடுத்துவந்தார். மேசைமேல் துண்டை விரித்து, உருளையைத் திறந்து, காலியாக இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் காட்டிய பிறகே அதில் வைத்தார். சினிமாவில் பார்க்கிற ரிவால்வரைவிட நீளமாக, வயிறு புடைத்தமாதிரி இருந்தது.

"சாதா ரிவால்வர்ல ஒத்தைக் குண்டு போகுமுங்க மாமா. இதுல அதையும் போடலாம், ரவைத் தோட்டாவும் போடலாம். காட்டுப்பன்னி தொரத்தற நெட்டைத் துப்பாக்கியில போடறமில்லீங்க, உள்ளாற கடுகாட்டம் ஈய ரவை இருக்குமே, அதே ஜாதி. சைஸு சிறுசு."

"அதுல என்னங்க பிரயோசனம்?"

"ராத்திரி ஒருத்தன் ஊட்டுக்குள்ள வந்துட்டான்னு வைங்க. கண்ணாடி எங்க கெடக்குதுன்னு தெரியாது. கை நடுங்கும். அப்பக் குறி பாத்துச் சுட நம்மளால ஆகுங்களா? ரவைன்னா விரிஞ்சு போகும், அந்தப் பக்கம் காட்டினாப் போதுமுங்க. உள்ளாற உதிரிச் சாமான் கம்மி, சிக்கிக்காது. செவுத்தத் தாண்டிப் பக்கத்து ரூமுக்குப் போயி நம்மாளு மேல படற பயமும் கொஞ்சம் கம்மி. பாம்புக்கும் ஆச்சு."

மாமனாரின் கண்ணில் ஒரு வெளிச்சம். அவர் தனியாக இருப்பவர், மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் வயதானவர்கள் தனியாக இருந்தால் என்ன நடக்கும் என்ற பயம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. செய்தியைப் பார்த்துவிட்டு மகள்கள் போன் பண்ணுவார்கள். கதவைத் தாழ் போட்டீங்களா அப்பா என்று கேட்பார்கள். அதற்கு மேல் யாரிடமும் ஒரு யோசனை இருந்ததில்லை. சுரேந்தரிடம் இருந்தது.

நான் ஒரே ஒரு ஆட்சேபணை சொன்னேன்.

"விரிஞ்சு போகும்னா, பக்கத்துல நிக்கறவங்க மேலயும் படுமில்லீங்களா?"

"கரெக்டுங்க சகலை," என்றார் சுரேந்தர். "அதனால பக்கத்துல நம்மாளு நின்னாச் சுடக்கூடாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லோகப்பிரியாவும்.

(அவள் எத்தனை நேரம் சிரித்தாள் என்று முதல் பிரதியில் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

பொறாமைக்காரனிடம் உழைப்பு உண்டு. அந்தத் துப்பாக்கி உதவாத சாமான் என்று நிரூபிக்க ஆதாரம் தேடி அலைந்தேன். கல்லூரியில் கூடப் படித்த ஜபருல்லா லைசென்ஸ் எடுத்து டவுன்ஹால் பக்கம் துப்பாக்கிக் கடை நடத்துகிறான். அவனிடம் போய், ஒரு கதைக்காக என்று சொல்லிக் கேட்டேன்.

"கதையில யாரு சுடறது, யாரு சாகறது?"

"அது இன்னும் முடிவாகலை."

டீ வரவழைத்தான். அந்த மாதிரி ரிவால்வரைப் பார்த்திருக்கிறான், ஆனால் பெரிய அபிப்பிராயம் இல்லை. "ஒத்தைக் குண்டு நேராப் போகறதுக்காகக் குழாய்க்குள்ள திருகு மாதிரி வரி போட்டிருப்பாங்க. அதுல ரவையப் போட்டீன்னா, சுத்திக்கிட்டே வெளிய வந்து வளையமா விரியும். நடுவுல ஓட்டை. கொஞ்சம் தள்ளி நின்னவன் அந்த ஓட்டைக்குள்ளயே நின்னு தப்பிச்சாலும் தப்பிச்சுக்குவான். சின்ன ரவைன்னா ஆளு விழவும் மாட்டான், கோவம்தான் வரும்."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. குறிப்பெடுத்துக்கொண்டேன்.

"ஆனா," என்றான், "ரூமுக்குள்ள, கிட்டத்துல, அனுபவமில்லாத ஆளு கையில குடுக்கறதுன்னா மோசமில்லை. பெருசான தோட்டாவாப் போட்டா நின்னு பேசும். உன்ற கதையில வர்ற ஆளு விவரமானவரு."

விவரமானவரு. பணம் கொடுக்காமலே எழுந்து வந்துவிட்டேன். டீ அவனுடையது, அது ஒன்றுதான் லாபம்.

5

இனிமேல் வருவதை நேராகச் சொல்கிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

ஆடி மாதம் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். லோகப்பிரியா லீவு போட்டுவிட்டுச் சாளைக்குப் போனாள். அக்ஷயா மகளைக் காலேஜில் சேர்க்க டெக்சாஸ் போயிருந்தாள். பெரியவரைத் தூக்கி உட்காரவைக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று சுரேந்தர் தானாகவே வந்து தங்கினார். எனக்குக் கம்பெனியில் புது மாடல் வெளியீடு, கையேடு முடியவில்லை. அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் காரை எடுத்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. கிணத்துக்கடவு தாண்டியதும் மழை பிடித்தது, பொள்ளாச்சியில் விட்டது. ஆனைமலைக்குப் போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. சாளையின் கேட் பூட்டியிருந்தது. ஹார்ன் அடித்தால் யாராவது வந்து திறப்பார்கள். நான் அடிக்கவில்லை.

நான் இல்லாதபோது அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். வேறு அசிங்கமான சந்தேகம் ஏதும் இல்லை என்று எழுதிவைக்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

வாய்க்கால் மேட்டோரமாகக் காரை நிறுத்திவிட்டு, கம்பிவேலி தாழ்ந்திருக்கும் இடத்தில் தாண்டித் தோப்புக்குள் இறங்கினேன். கரண்ட் இல்லை. போர்டிகோவில் ஒரு எமர்ஜென்சி விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மாமனாரின் கட்டில், பக்கத்தில் நாற்காலிகள். சுரேந்தர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தை கேட்கவில்லை. லோகப்பிரியா சிரிக்கிற சத்தம் மட்டும் ஈரமான தோப்புக்குள் தெளிவாக வந்தது.

நான் ஒரு தென்னையோடு ஒட்டி நின்றேன். ஒரு கதை முடிகிற அளவு நேரம் நின்றிருப்பேன். அப்புறம் நாய் குரைத்தது. சுரேந்தர் புதிதாக வாங்கிவிட்ட நாய், அதற்கு என்னைத் தெரியாது.

6

விளக்கை அணைத்தார்கள். அது அவர் சொல்லிக்கொடுத்ததாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் நிற்பவனுக்கு இருட்டில் இருப்பவன் தெரியமாட்டான். போர்டிகோ விளிம்பில் ஒரு உருவம் வந்து நின்றது.

"யாருங்க அது?"

துப்பாக்கியை நீட்டிக்கொண்டு "யாருங்க" என்று கேட்கிற ஊர் எங்களுடையது.

நான் பதில் சொல்லவில்லை.

"யாருங்க, பேரைச் சொல்லுங்க. கையில துப்பாக்கி இருக்குதுங்க."

நாய் சங்கிலியை இழுத்தது. மாமனார் கட்டிலிலிருந்து என்னவோ முனகினார். நான் மரத்தைவிட்டு வெளியே வந்து, வீட்டைப் பார்த்து நடந்தேன். பேசாமல் நடந்தேன்.

"நில்லுங்க. அங்கயே நில்லுங்க." சுரேந்தரின் குரல் உடைந்தது. அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

நான் நிற்கவில்லை.

"இருங்க, சுரேந்தர்." இது லோகப்பிரியா. அவள் குரல் சாதாரணமாக இருந்தது, குழம்பு இறக்கச் சொல்கிற மாதிரி. "அது எங்க ஊட்டுக்காரரு. செருப்பை இழுத்து நடக்கறது கேக்கலைங்களா?"

டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் யார் எப்படி நின்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏஞ் சகலை, ஒரு ஹார்ன் அடிச்சிருக்கலாமில்லீங்க," என்றார் சுரேந்தர்.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் எதுவும் தொடவில்லை. லோகப்பிரியா எனக்கு ராகிக் களியும் கீரையும் போட்டாள். கை கழுவும்போது என்னைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினாள்.

7

மறுநாள் காலை மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எனக்கென்று உள்ள ஒரே அதிகாரம் அது. சுரேந்தர் வந்து வாசலிலேயே நின்றார். ராத்திரி தூங்கியிருக்கவில்லை.

"சகலை, ஒன்னு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்க."

"நேத்து நான் இழுத்துப்போட்டேனுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினார்.

"இந்த ரிவால்வர்ல ட்ரிக்கர் கனமா, நீளமா இருக்குமுங்க. இழுக்க இழுக்கத்தான் பின்னால ஹேமர் எந்திரிக்கும், உருளை திரும்பும். கடைசியிலதான் விழும். நீங்க நிக்கவே இல்லீங்க. நான் இழுக்க ஆரம்பிச்சுட்டேன். அக்கா 'இருங்க'ன்னு சொன்னப்ப ஹேமர் பாதிக்கு மேல வந்திருச்சுங்க. லேசான ட்ரிக்கரா இருந்திருந்தா..."

சொல்லவந்ததை அவரும் பாதியில் விட்டார். எனக்கு மட்டும்தான் வாக்கியம் பாதியில் நிற்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஜபருல்லா இந்த நன்மையைச் சொல்லவில்லை. ரவை விரிவதோ, வளையமோ எதுவுமில்லை. ஒரு பெண் தன் புருஷனின் செருப்புச் சத்தத்தை அடையாளம் கண்டு, வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லும்வரை தாமதிக்கிற விசை. நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

"யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க சகலை. அக்ஷயாகிட்டக்கூட. மாமா என்னைய நம்பித்தான் தூங்கறாரு." கையை நீட்டினார். "மன்னிச்சுருங்க."

அந்த நேரத்தில் நான் என்ன உணர்ந்திருக்க வேண்டும்? முதுகு சில்லிட்டிருக்க வேண்டும். அவரைக் கட்டிப்பிடித்திருக்கலாம், அடித்திருக்கலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒரு குறை கிடைத்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஸ்டார்ட்டர் மூடியை மாட்டி முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. இப்படி ஒன்றைச் செய்துவிட்டு, விடிந்ததும் நேரே வந்து சொல்ல என்னால் முடியுமா என்று ஒரு கேள்வி வந்தது. முடியாது. அதற்கும் சேர்த்து அவர்மேல் பொறாமைப்பட்டேன்.

"விடுங்க சகலை," என்றேன். "மோட்டார் நல்லாத்தான் இருக்குது."

அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

8

அக்ஷயா திரும்பி வந்தபின், மாமனார் எழுந்து நடக்கத் தொடங்கியதற்காகக் கோயிலுக்குப் போய்விட்டு ஒரு விருந்து வைத்தார்கள். ஒறம்பரை நிறைய. மாமனார்தான் ஆரம்பித்துவைத்தார். "மாப்ளே, சின்னவரே, அன்னிக்குப் பெரிய மாப்ளே திருடனாட்டம் வந்தாருல்ல, அதைச் சொல்லுங்க."

சுரேந்தர் மழுப்பிப் பார்த்தார். விடவில்லை. அப்புறம் சொன்னார். தோப்பில் யானை இறங்கிவிட்டது என்று முதலில் நினைத்ததாகத் தொடங்கி, நாயின் வீரத்தைச் சொல்லி, கடைசியில் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். "ஆளு வெளிய வந்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க, நம்ம சகலைன்னு. இல்லீங்களா சகலை?"

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். பந்தியில் எல்லாக் கையும் நின்றுவிடுகிறது. சுரேந்தர் தலைகுனிகிறார். நன்றாகவே வந்தது. ஆனால் அடுத்த வரியில் லோகப்பிரியா என்னைப் பார்க்க வேண்டும். அவள் எப்படிப் பார்த்தாள் என்று எழுத வரவில்லை.

இரண்டாவதில் அன்று விசை கடைசிவரை இழுபடுகிறது. அப்படியானால் இதைச் சொல்வது யார்? அந்தக் கதையையும் சுரேந்தரே சொல்ல வேண்டியிருக்கும். அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார். கிழித்தேன்.

மூன்றாவது நடந்தது. "ஆமாங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, இனிமேல் சாளைச் சாவி சின்ன மாப்பிள்ளையிடமே இருக்கட்டும் என்று கொடுத்தார். பாயசம் வந்தது.

அடுத்த வாரம் ஜபருல்லா போன் பண்ணினான். "உன்ற கதையில வர்ற ஆளு உன்ற சகலைதானா? நேத்து வந்து அந்த ரிவால்வரை ஒப்படைச்சுட்டுப் போனாரு. வித்துக் குடுக்கச் சொல்றாரு. ஊட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்ங்கறாரு."

ஆக, மாமனாரின் பாதுகாப்புக்கென்று சுரேந்தர் அதை வைத்திருந்த சாளை பீரோவில் இப்போது துப்பாக்கி இல்லை. இருக்கிறது என்று நினைத்து மாமனார் நிம்மதியாகத் தூங்குகிறார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் இருக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கம் வருவதில்லை. இல்லாதபோதும் வேலை செய்கிறது. இந்தக் கதையை அச்சில் போட்டால் அதுவும் போய்விடும். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றியிருக்கிறேனா என்று சொல்லமாட்டேன்.)

9

கதையை இங்கே முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இன்று காலை லோகப்பிரியா இதைப் படித்துவிட்டாள்.

என் இரண்டு தொகுப்புகளையும் தொடாதவள், மேசைமேல் கிடந்ததை நின்றபடியே எட்டாம் பகுதிவரை படித்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது கடைசித் தாள் அவள் கையில் இருந்தது. சுரேந்தர் விசையை இழுத்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும். துப்பாக்கி வீட்டில் இல்லாததும் அப்போதுதான் தெரியும். அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"ஏனுங்க," என்றாள். "அவரு அத்தனை தடவை யாருங்க யாருங்கன்னு கேட்டாரு. நீங்க ஏன் பேசலை?"

நான் துண்டை உதறிக் கொடியில் போட்டேன்.

"இதுல எங்கயும் அது இல்லீங்களே. 'பதில் சொல்லவில்லை'ன்னு எழுதியிருக்கறீங்க, 'நிற்கவில்லை'ன்னு எழுதியிருக்கறீங்க. ஏன்னு எழுதலை."

"எழுதறேன்."

"எழுதுங்க. நான் வந்து படிக்கறேன்." தாள்களைத் தட்டி நேராக்கி வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள். சத்தம் இல்லாமல்.

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாக்கியங்கள் வந்திருக்கின்றன.

ஒன்று: பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது, குரல் வரவில்லை.

இரண்டு: என் மாமனார் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் யார் என்று சுரேந்தரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று: அவர் சுட வேண்டும் என்று நினைத்தேன். சுட்டுவிட்டால் அவர் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அதற்கு நான் போனாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் எனக்கு—

மூன்றையும் ஒரே தாளில் வைக்க முடியாது. இரண்டை அடித்தாக வேண்டும். அவள் வண்டி கீழே வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. நீங்கள் இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள். பேனா இதோ இருக்கிறது. அவள் படியேறுவதற்குள் எந்த இரண்டு என்று நீங்களே அடித்துவிடுங்கள்.